உள்ளே இருந்து தட்டினால்

பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

வாண்டு எழுதுகிறேன். நலம் என்று எழுதிவிட்டு உடனே ஒரு திருத்தம் போட வேண்டியிருக்கிறது. மேல்வரிசையில் முன்பல் ஒன்று போய்விட்டது. மற்றபடி நலம்.

போனில் சொல்லியிருக்கலாம். போனில் உனக்கு என் குரல் விசிலடிக்கிற மாதிரி கேட்கும், நீ பயந்துவிடுவாய். தவிர, போனில் எனக்குப் பொய் சுலபமாக வரும் என்றும், பேனா பிடித்தால் வராது என்றும் நீதான் சொல்லியிருக்கிறாய்.

நடந்தது இதுதான். வியாழக்கிழமை நம் கறிக்கடையில் நல்ல கூட்டம். வழக்கமாக வரும் டீச்சரம்மா, நான் உள்ளே ஆட்டுத் தொடையை இறக்கிக்கொண்டிருந்தபோது, கல்லாவில் இருந்த அண்ணனிடம், "உங்க தங்கச்சி வரட்டும், நான் நிக்கிறேன். நீங்க வெட்டினா எலும்புத் தூள் பல்லுல மாட்டுது" என்று சொல்லிவிட்டார். நாலு பேர் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தான்.

மதியம் ஷட்டரைப் பாதி இறக்கியதும், கத்தி தீட்டும் இரும்புக் கம்பியை எடுத்து வாயில் அடித்தான். ஒரே அடி. நான் வெட்டுக்கட்டையில் மோதி விழுந்தேன். பல் தரையில் மரத்தூளுக்குள் போய்விட்டது. கையை விட்டுத் துழாவினேன். அவன் மேலே நின்றுகொண்டு, "நல்லாத் தேடு. இல்லன்னா நாளைக்கு எவன் வீட்டுக் கொழம்புலயாவது போய்ச் சேரும்" என்றான். பல் கிடைத்தது. அதைப் பையில் போட்டுக்கொண்டு, ஏப்ரனைக் கழற்றி அப்பாவின் ஆணியில் மாட்டிவிட்டு வெளியே வந்துவிட்டேன். பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து அந்தக் கடைதான் எனக்கு எல்லாம். திரும்பிப் பார்த்தேன். அவன் மரத்தூளைக் கூட்டிக்கொண்டிருந்தான்.

ரத்தத்தைத் துப்பிக்கொண்டே வீட்டுக்கு நடந்தபோது ஒன்று ஞாபகம் வந்தது. ஆகஸ்ட் பதினெட்டு வந்தால் எனக்கு நாற்பது. அடுத்தவன் கல்லாவுக்கு வெட்டிக் கொடுத்தே நாற்பது. தெருமுனைக்குள் முடிவு செய்துவிட்டேன். நாற்பதுக்குள் சொந்தக் கடை, அதன் வாசலில் என் பெயர் போட்ட பலகை. நாற்பதுக்குள் இந்தப் பல்லைக் கட்ட வேண்டும். சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும். சிரிக்காதே, அண்ணன் அந்தக் காலத்தில் சைக்கிளைத் தொடவே விட்டதில்லை. கடைசியாக ஒன்று. நாற்பதுக்கு மேல் ஒருத்தன் கையும் என்மேல் விழக்கூடாது.

உனக்கும் செப்டம்பரில் ஐம்பது வருகிறதே, நீ என்ன வைத்திருக்கிறாய்?

உன்,
வாண்டு

---

பிப்ரவரி 26

என் செல்ல வாண்டுக்கு,

கடிதத்தை மூன்று முறை படித்தேன். வாயில் வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கிறாயா? சூடாக எதையும் குடிக்காதே. பல்லைத் தூக்கிப் போட்டுவிடாதே.

இங்கே எனக்கும் பல் சமாச்சாரம்தான். நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் எனக்கு ஒதுக்கியிருக்கும் கட்டில் வரிசையில் ஒரு பெரியவர் இருக்கிறார், ஒரு காலத்தில் பெரிய அதிகாரி. குளிப்பாட்டப் போனால் கடிக்கிறார். இப்போதெல்லாம் முதலில் பல்செட்டைக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டுவிட்டுத்தான் சோப்பை எடுக்கிறேன். அப்புறமும் ஈறால் கடிக்கிறார். "ஐயா, நான் என்ன பிஸ்கட்டா?" என்றால், "பிஸ்கட்டா இருந்தா நனையும்" என்கிறார்.

நீ கோபித்துக்கொள்வாய். இருந்தாலும் எழுதுகிறேன். என் தம்பி, உன் அண்ணன், அவனுக்குக் கை முன்னால் போகும், புத்தி பின்னால் வரும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். நமக்கு அப்பா அம்மா இல்லை, அவனுக்கும் நம்மை விட்டால் யாருமில்லை. கொஞ்சம் விட்டுக்கொடு. கடை வேண்டுமென்றால் திற, வேறு தெருவில் திற. நாற்பதிலேயே திறக்க வேண்டுமென்று யார் அடித்துக்கொண்டார்கள்? நாற்பத்தொன்றில் விற்கிற கறி வேகாதா? பிறந்தநாளைக் கெடுவாக வைத்து ஒரு காரியத்தில் இறங்கினால் கண்மண் தெரியாது, அதுதான் பயமாக இருக்கிறது.

எனக்கு என்ன ஆசை என்று கேட்டாய். இந்த இல்லத்துச் சமையலறைக்குப் பின்னால் ஒரு ஐஸ் ரூம் இருக்கிறது, அப்பா கடையில் இருந்ததைவிடப் பெரியது. பால் எடுக்க எல்லாரும் உள்ளே போவார்கள், நான் மட்டும் போவதில்லை. வேறு பெண்கள் எனக்காக எடுத்து வருவார்கள். "அக்காவுக்குக் குளிர் ஆகாது" என்று சொல்லி வைத்திருக்கிறேன். இடது கையில் இரண்டு விரல் நுனி இல்லாததைப் பார்த்துவிட்டு அவர்களும் கேட்பதில்லை. ஐம்பதுக்குள் ஒருமுறையாவது நானே போய் ஒரு பால் டப்பா எடுத்து வர வேண்டும்.

அப்போது எனக்குப் பத்தொன்பது, தம்பிக்குப் பதினைந்து, உனக்கு ஒன்பது. கதவு தானாகச் சாத்திக்கொண்டது. ஈரக் கையோடு அப்பா கடை ஐஸ் ரூமுக்குள் மாட்டிக்கொண்டேன். நீ பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, தட்டுகிற சத்தம் கேட்டு, கைப்பிடி எட்டாமல் மீன் பெட்டி மேல் ஏறித் திறந்தாய். அந்தப் பெட்டியை எங்கிருந்து இழுத்து வந்தாய் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. ஆஸ்பத்திரியில் உன்னைக் கட்டிலில் உட்காரவைத்து ஒரு பாடம் சொன்னேனே, ஞாபகம் இருக்கிறதா? ஐஸ் ரூமை மூடும் முன் தட்டு, கூப்பிடு, அப்புறம் மூடு. உள்ளே இருந்து யாராவது தட்டினால் யார் என்று கேட்டுக்கொண்டு நிற்காதே, திற.

ஐம்பதுக்குள் இன்னொன்றும் இருக்கிறது. முடிந்த பிறகு சொல்கிறேன்.

பல்லுக்கு நல்ல டாக்டராகப் பார்.

முத்தங்களுடன்,
அக்கா

---

மே 20

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். எழுதுகிற கைக்குக் கட்டுப் போட்டிருந்தார்கள். சரியாகிவிட்டது, பார், எழுத்து கோணவில்லை.

நல்ல செய்தி முதலில். பல் கட்டியாயிற்று. பக்கத்துப் பல்லைவிடக் கொஞ்சம் வெள்ளை. பல் டாக்டர், "மத்ததையும் இதே கலர்ல மாத்திடலாமா?" என்றார். "அதுக்கு எங்க அண்ணன் இன்னும் நிறைய உழைக்கணும் டாக்டர்" என்றேன். சைக்கிள் வந்துவிட்டது. இடது பக்கம் திரும்பினால் விழுகிறேன், அதனால் வலது பக்கமாகவே ஊரைச் சுற்றி வீட்டுக்கு வருகிறேன்.

கடையும் கிடைத்துவிட்டது. நம் தெருவிலேயே மறுமுனை, முன்பு துணி வெளுக்கும் கடை இருந்த இடம். வேறு தெருவில் திற என்றாய். என் கை வெட்டுக்குப் பழகியவர்கள் எல்லாரும் இந்தத் தெருவில்தான் இருக்கிறார்கள் அக்கா. பழைய ஐஸ் ரூம் ஒன்று பிரித்து வாங்கி மாட்டியாயிற்று. நன்றாகக் குளிர்கிறது. ஒரே குறை, கதவின் உட்பக்கத்தில் குமிழ் இல்லை. நீ மாட்டிக்கொண்ட பிறகு அப்பா நம் கடையில் ஒன்று போட்டாரே, உள்ளே இருந்து அழுத்தினால் கதவு திறக்குமே, அது. இதில் யாரோ கழற்றி எடுத்துவிட்டார்கள், நாலு திருகாணி ஓட்டை மட்டும் இருக்கிறது. மெக்கானிக் வந்து போடுவதாகச் சொன்னார்.

இனி கெட்ட செய்தி. போன மாதம் பலகை எழுத ஒரு பெயின்டரைக் கூப்பிட்டேன். வாயில் பாட்டு ஓயாத மனிதர். ஏணி மேல் ஏறி 'வாண்டு' என்று எழுதி முடித்திருந்தார், 'இறைச்சிக் கடை' பாக்கி. நான் கீழே நீலப் பெயின்ட் கலக்கிக்கொண்டிருந்தேன். அண்ணன் தெருவில் நடந்து வந்தான். ஓடி வரவில்லை, நடந்துதான் வந்தான், காய்கறி வாங்கப் போகிறவன் மாதிரி. வந்து ஏணியின் காலை உதைத்தான். பெயின்டர் பாட்டோடு விழுந்தார். தோளெலும்பு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. எலும்பு உடைகிற சத்தம் நமக்குத் தெரியாதா?

"அவரு என்னடா செஞ்சாரு?" என்று கேட்டேன்.

"உனக்குப் பேரு எழுதினாரு."

நான் பெயின்ட் டப்பாவை அவன் முகத்தில் கவிழ்த்தேன். அவன் என் தலைமுடியைப் பிடித்து நடைபாதையில் இழுத்துக்கொண்டே போனான். எதிர்க் கடை முடிதிருத்துபவர் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்து பார்த்தார். முழங்கை இரண்டும் உரிந்துவிட்டன. பிறகு என் வலது கையைச் செருப்புக் காலால் மிதித்து, "இந்தக் கைதானே? இந்தக் கைதானே எல்லாருக்கும் வேணும்?" என்று கேட்டுக்கொண்டே மிதித்தான். எனக்குக் கிடைத்தது அவன் கெண்டைக்கால்தான். கடித்தேன். புதுப் பல் தாங்கியது. டாக்டரிடம் சொன்னேன், அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

போலீஸ் ஸ்டேஷனில், "அண்ணன் தங்கச்சி சண்டையெல்லாம் இங்க கொண்டுவந்தா நாங்க எப்பம்மா திருடனப் பிடிக்கிறது?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். பெயின்டர் புகார் கொடுக்கப் பயப்படுகிறார். மெக்கானிக், "உங்க வீட்டுப் பிரச்சின முடியட்டும், அப்புறம் வரேன்" என்று சொல்லிவிட்டார், போனையும் எடுப்பதில்லை. அண்ணன் மூன்று நாள் நீலக் காதோடு கல்லாவில் உட்கார்ந்திருந்தான் என்று டீச்சரம்மா சொன்னார்.

பலகையில் 'வாண்டு' மட்டும் இருக்கிறது. அது போதும். ஆகஸ்ட் பதினெட்டு திறக்கிறேன்.

உன்,
வாண்டு

---

ஜூன் 8

அன்புள்ள வாண்டுக்கு,

தம்பி போன் செய்தான். எடுத்ததும் அழுதான். அழும்போது அப்பா குரல் அப்படியே வருகிறது அவனுக்கு. அப்பா கடைக்கு யாரும் வருவதில்லையாம், சாயங்காலம் வரை ஈ ஓட்டுகிறானாம். "அவ கடையத் தெறக்கக் கூடாதுன்னு சொல்லுக்கா. இல்லன்னா நான் என்ன செய்வேன்னு எனக்கே தெரியல" என்றான். கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அழவில்லை.

அதனால் கேட்கிறேன். ஆகஸ்டில் திறக்காதே. ஒரு வருஷம் தள்ளிப் போடு. என்னிடம் வா, இங்கே கறி வெட்டத் தெரிந்தவர்களுக்கு வேலை இருக்கிறது, நான் விசாரித்துவிட்டேன். நீ அவனால் செத்துப்போவாயோ என்று பயம். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. உன் கையில் எப்போதும் கத்தி இருக்கிறது. ஆட்டை எந்த மூட்டில் தொட்டால் பிரியும் என்று கண்ணை மூடிக்கொண்டே உனக்குத் தெரியும். ஒருநாள் உன் கை அதைத் தானாகச் செய்துவிட்டால்? நாற்பதாவது பிறந்தநாளை ஜெயிலில் கொண்டாடுவதற்கா இவ்வளவு பாடு?

விட்டுக்கொடு கண்ணு. இந்த ஒருமுறை.

உன் கையெழுத்து கோணித்தான் இருந்தது. எனக்குத் தெரியாதா?

அக்கா

---

ஆகஸ்ட் 15

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடைசிக் கடிதத்துக்குப் பதில் எழுதவில்லை. எழுதினால் சண்டையாகும் என்று விட்டுவிட்டேன். இப்போது எழுதியே ஆக வேண்டும். நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன். கடைசி வரை படி, நடுவில் போன் செய்யாதே.

நேற்று முன்தினம் ஞாயிறு. முதல் சரக்கு சனிக்கிழமை சாயங்காலமே வந்து ஐஸ் ரூமில் தொங்கிக்கொண்டிருந்தது. காலையில் சைக்கிளில் போனேன். விடிந்தும் விடியாத நேரம், தெருவில் ஒரு கடையும் திறந்திருக்கவில்லை. தூரத்திலிருந்தே என் பலகை நடைபாதையில் கிடப்பது தெரிந்தது. 'வாண்டு' இரண்டாகப் பிளந்திருந்தது. முன்பக்கக் கண்ணாடி முழுவதும் கீழே. உள்ளே தராசு நெளிந்து கிடந்தது, குளிர்ப் பெட்டியின் வயிறு கிழிந்திருந்தது. என் வெட்டுக்கட்டை மேல் அப்பாவின் பெரிய கத்தி குத்தி நின்றது. அதைப் பார்த்துத்தான் அவன் இன்னும் உள்ளே இருக்கிறான் என்று தெரிந்துகொண்டேன். அந்தக் கத்தியை அவன் எங்கும் விட்டுவிட்டுப் போகமாட்டான்.

ஐஸ் ரூம் கதவு கால்வாசி திறந்திருந்தது, விளக்கு எரிந்தது. அண்ணன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். கையில் ஃபினாயில் கேன். தொங்கும் ஒவ்வொரு உடம்பின் மேலும் ஊற்றிக்கொண்டிருந்தான், அவசரமே இல்லாமல், செடிக்குத் தண்ணீர் விடுகிற மாதிரி. என் மூன்று மாத உழைப்பு மரவட்டைக்கு அடிக்கிற மருந்து வாசனையில் நின்றது.

அவன் கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்கவில்லை. ஏன் கொடுக்க வேண்டும்? அவன் வாழ்நாள் முழுக்கப் பார்த்த ஐஸ் ரூம் ஒன்றுதான், அதில் உள்ளே குமிழ் இருக்கிறது. மெக்கானிக்கை வரவிடாமல் பயமுறுத்தியவனும் அவன்தான். அதனால்தான் இங்கே குமிழ் இல்லை என்பது அவனுக்கே தெரியாது.

நம் வீட்டில் யாரும் ஐஸ் ரூம் கதவைக் கையால் மூடியதில்லை. இரண்டு கையிலும் சரக்கு இருக்கும், இடுப்பால் இடித்து மூடுவோம். நான் இடுப்பால் இடித்தேன். தாழ் விழுந்தது. தட்டவில்லை. கூப்பிடவில்லை. நீ சொல்லிக்கொடுத்த நாளிலிருந்து முதல் தடவை.

பழக்கத்தில் இடித்துவிட்டேன் என்று போலீஸில் சொல்லலாம். உன்னிடம் சொல்ல முடியாது. என் கையில் அப்போது எதுவும் இல்லை அக்கா. இரண்டு கையும் வெறுமையாக இருந்தன.

முதலில் அவன் சிரித்தான். "யாருடா அது, விளையாட்டா?" என்றான். பிறகு கதவைத் தடவுகிற சத்தம். குமிழ் இருக்க வேண்டிய இடத்தில் தடவுகிறான் என்று எனக்கு இந்தப் பக்கத்திலிருந்தே தெரிந்தது. தடவல் நின்றது. அவனுக்கு அந்த நாலு ஓட்டையும் கிடைத்துவிட்டது.

"வாண்டு! நீதானே? தெறடி!"

நான் அடுப்பைப் பற்றவைத்து டீக்குத் தண்ணீர் வைத்தேன்.

அவன் முஷ்டியால் குத்தினான். உதைத்தான். தான் வெளியே வந்ததும் என் எந்தெந்த எலும்பை எப்படி உடைக்கப் போகிறான் என்று வரிசையாகச் சொன்னான். அவனுக்கும் எலும்பு தெரியும், சரியாகத்தான் சொன்னான். பிறகு இருமினான், மூடிய அறையில் ஃபினாயில். பிறகு கெஞ்சினான். "அம்மா மேல சத்தியமா இனிமே இந்தப் பக்கமே வரமாட்டேன் வாண்டு." அம்மா மேல் அவன் செய்த சத்தியங்களுக்கு அம்மா என்றைக்கோ போய்ச் சேர்ந்துவிட்டாள். நான் டீயை வடிகட்டினேன். ஸ்டூலைக் கதவுக்கு எதிரே போட்டு உட்கார்ந்து குடித்தேன். நன்றாக ஆறவிட்டு, முழுவதும் குடித்தேன். தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன். துடைப்பத்தை எடுத்துக் கண்ணாடித் துண்டுகளைக் கூட்டினேன். வாசல்வரை கூட்டிவிட்டுத் திரும்பியபோது பேச்சு நின்றிருந்தது. தட்டுகிற சத்தம் மட்டும் வந்தது, கதவின் கீழ்ப்பக்கத்திலிருந்து, விட்டு விட்டு.

திறந்தேன்.

தவழ்ந்து வெளியே வந்தான். உதடு நீலம், புருவத்தில் வெள்ளைப் பொடி. பாதி எழுந்ததும் முதல் வேலையாக என்னை அடித்தான். கையை ஓங்கினான் அக்கா, ஆனால் விரல்கள் மடங்கவில்லை. அவனால் முஷ்டி பிடிக்க முடியவில்லை. விறைத்த கை, பலகைத் துண்டு மாதிரி என் கன்னத்தில் பட்டது. அன்றைக்கு நாற்பதுக்கு ஐந்து நாள் பாக்கி, அதனால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

நான் அந்தக் கையின் மணிக்கட்டைப் பிடித்து வெட்டுக்கட்டை மேல் வைத்தேன். அவன் எதிர்க்கவில்லை, எதிர்க்கத் தெம்பு இல்லை. அப்பாவின் கத்தியைப் பிடுங்கினேன். மூட்டு எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டே தெரியும் என்று எழுதினாயே, கண்ணைத் திறந்துகொண்டுதான் பார்த்தேன். அவனுக்குக் கை மரத்துப் போயிருந்தது, வெட்டினாலும் அப்போது வலிக்காது. அவன் தன் கையைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தான். நான் கத்தியைத் தூக்கினேன், முழுதாகத் தூக்கினேன், இறக்கினேன். கட்டையில், அவன் சுண்டுவிரலுக்கு அந்தப்பக்கம். கத்தி உள்ளே போன ஆழத்துக்கு, பிடுங்க இரண்டு கை தேவைப்பட்டது.

அவன் அப்படியே உட்கார்ந்து சிறுநீர் கழித்தான். பிறகு நான் வாளியில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து வந்தேன். சூடாக இல்லை. உனக்கு டாக்டர் செய்ததைப் பார்த்திருக்கிறேன், சூட்டில் வைத்தால் சதை போய்விடும். இரண்டு கையையும் அதில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். உணர்ச்சி திரும்பியபோது அலறினான் பார், அந்த அலறலில்தான், கடை திறக்க வந்திருந்த எதிர்க் கடைக்காரர் ஓடி வந்தார், ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்.

கை பிழைத்துவிட்டது. செருப்புக் காலோடு உள்ளே போனதால் கால்விரல்கள் கறுத்திருக்கின்றன, எத்தனை எடுக்க வேண்டும் என்று பெரிய டாக்டர் சொல்லுவார். போலீஸ் வந்து அவனைக் கேட்டார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். உடைத்துக்கொண்டு உள்ளே போனதைச் சொல்லாமல் என்னை மாட்டிவிட முடியாது, அதனாலா, வேறு எதனாலா தெரியாது, அவன் சொன்னது இது: "கதவு தானா சாத்திக்கிச்சு."

அக்கா, நான் செய்தது தப்பா? என்ன வேண்டுமானாலும் எழுது. விட்டுக்கொடு என்று மட்டும் எழுதாதே.

உன்,
வாண்டு

---

ஆகஸ்ட் 26

வாண்டு,

உன் கடிதத்தைக் குளியலறையில் நின்று படித்தேன். கடிக்கிற பெரியவர் தொட்டியில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்தார். "என்னம்மா, யாராவது செத்துட்டாங்களா?" என்று கேட்டார். "இல்லீங்க ஐயா. அதான் பிரச்சின" என்றேன். அவர் அன்று கடிக்கவில்லை.

நேராகச் சமையலறைக்குப் போனேன். "அக்கா, நான் எடுத்துத் தரேன்" என்று ஒரு பெண் ஓடி வந்தாள். வேண்டாம் என்றேன். ஐஸ் ரூமுக்குள் போனேன். கதவை நானே சாத்திக்கொண்டேன். பால் டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். ஐம்பதுக்குள் இதை முடிப்பேன் என்றேனே, முடித்துவிட்டேன். இன்னொன்று இருக்கிறது என்றேன். அதையும் இன்றே முடித்துவிடுகிறேன்.

கதவு தானாகச் சாத்திக்கொள்ளவில்லை.

கல்லாப் பெட்டியைத் திறந்து தம்பி காசு எடுத்ததை அப்பாவிடம் சொல்லியிருந்தேன். அப்பா அவனை அடித்தார். மறுநாள் நான் உள்ளே தரையைக் கழுவிக்கொண்டிருந்தேன். கதவு மெதுவாக மூடுவதைப் பார்த்து நிமிர்ந்தேன். இடைவெளியில் அவன் முகம் தெரிந்தது. கோபமாக இருந்திருந்தால்கூட மறந்திருப்பேன். வாயில் எதையோ மென்றுகொண்டிருந்தான். மென்றுகொண்டே என்னைப் பார்த்தான், மென்றுகொண்டே சாத்தினான். நான் தட்டிய நேரமெல்லாம் அவன் கடையில்தான் இருந்திருக்கிறான். வந்தவர்களுக்கு எடை போட்டுக் கொடுத்திருக்கிறான்.

ஆஸ்பத்திரியில் அப்பா கேட்டார். அப்பா அவனைக் கொன்றுவிடுவார் என்று தெரியும். கதவு தானாகச் சாத்திக்கொண்டது என்று சொல்லிவிட்டேன். ஒருமுறை சொல்லிவிட்டால் பிறகு மாற்றுவது எப்படி? அம்மாவிடம் சொன்னேன், உன்னிடம் சொன்னேன், அவனிடமே சொன்னேன். நீ அடி வாங்கிய கதைகளை எழுதும்போதெல்லாம் விட்டுக்கொடு என்று எழுதினேன். அன்றைக்கே வாயைத் திறந்திருந்தால் உனக்கு அந்தப் பல் இருந்திருக்கும்.

தப்பா என்று கேட்டாய். மூடியதைப் பற்றி எனக்குக் கேள்வி இல்லை. நீ டீ குடித்ததைப் படித்தபோது எனக்கு எப்படி இருந்தது என்று எழுதினால் நீ என்னை அக்கா என்று கூப்பிட யோசிப்பாய்.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன், மழுப்பாமல் பதில் எழுது.

ஏன் திறந்தாய்?

அக்கா

---

செப்டம்பர் 4

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதம் உன் பிறந்தநாளுக்கு வந்து சேர வேண்டும், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

கடை பதினெட்டாம் தேதியே திறந்தாயிற்று. கண்ணாடி இல்லை, அட்டையை ஆணியடித்து வைத்திருந்தேன். ஃபினாயில் பட்ட சரக்கு அத்தனையையும் குழிதோண்டிப் புதைத்துவிட்டுப் புதுச் சரக்கு கடனுக்கு எடுத்தேன். முதல் ஆளாக வந்தது பெயின்டர், இன்னும் சரியாகத் தூக்க முடியாத கையோடு, நாய்க்கு எலும்பு வேண்டும் என்று. "உங்களுக்கு நாய் ஏதுங்க?" என்று கேட்டேன். "இனிமேதான் வாங்கணும்" என்றார். அடுத்து டீச்சரம்மா. பிளந்த பலகையைத் தகடு வைத்துச் சேர்த்து மாட்டியாயிற்று, தழும்பு தெரிகிறது, தெரியட்டும். சைக்கிளில் இடது பக்கமும் திரும்புகிறேன்.

அண்ணனுக்கு மூன்று கால்விரல் எடுத்தார்கள். ஊன்றுகோல் வைத்து நடக்கிறான். நேற்று என் கடை எதிரே வந்து நின்றான். நான் எலும்பு வெட்டிக்கொண்டிருந்தேன், வேகமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை. அவன் கட்டையைப் பார்த்தான். அந்த வெட்டுத் தடம் இன்னும் அதில் இருக்கிறது. தெருவைக் கடக்காமல் திரும்பிப் போய்விட்டான். நாற்பதுக்கு மேல் இதுவரை ஒருத்தன் கையும் என்மேல் விழவில்லை.

மெக்கானிக் வந்து குமிழ் போட்டுவிட்டார். நானே உள்ளே போய்ச் சாத்திக்கொண்டு, அழுத்தி, திறந்துகொண்டு வெளியே வந்து பார்த்தேன். நன்றாக வேலை செய்கிறது. நீ வரும்போது நீயே அழுத்திப் பார்த்துக்கொள்.

ஏன் திறந்தேன் என்று கேட்டாய். அவன் பேசிக்கொண்டிருந்தவரை உள்ளே இருந்தது அண்ணன். பேச்சு நின்று, கீழ்ப்பக்கத்திலிருந்து விட்டு விட்டுத் தட்டியபோது அது அண்ணனாக இல்லை. அந்தச் சத்தம் எனக்கு ஒன்பது வயதிலிருந்து தெரியும். உள்ளே இருந்து தட்டினால் யார் என்று கேட்டுக்கொண்டு நிற்காதே என்று விரலில் கட்டோடு உட்கார்ந்து நீதான் சொன்னாய். நான் கேட்கவில்லை, திறந்துவிட்டேன்.

நீ இப்போது சொன்னதை முன்பே சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இந்த ஒரு வாரமாக யோசித்துப் பார்த்தேன் அக்கா. மழுப்பாமல் எழுதுகிறேன். அப்போதும் திறந்திருப்பேன். அதற்கு முன்னால் உன் பெயரைச் சொல்லி இன்னொரு டீ போட்டிருப்பேன்.

பிறந்தநாள் வாழ்த்துகள்.

உன்,
வாண்டு